டெங்கு ரத்தப் பரிசோதனை: எங்கள் தெருமுனை ஆய்வகம்

மகளுக்குக் காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் தொடங்கி ஒரே வாரத்தில் நான்கு முறை இந்த ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்தோம். காலை ஆறரை மணிக்கே வீட்டுக்கு வந்த ஊழியர், முந்தைய நாள் குத்திய இடம் கன்றியிருந்ததைக் கண்டு, மறு கையில் பொறுமையாக நரம்பு தேடி ஒரே குத்தில் எடுத்தார்.

இங்கு எனக்கு மிகவும் பிடித்தது, இயந்திரம் தரும் எண்ணிக்கையோடு நிறுத்தாமல் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பரப்பிய ரத்தப் பூச்சை நுண்ணோக்கியிலும் பார்ப்பதுதான். முதல் அறிக்கையிலேயே வெள்ளை அணுக்கள் 2,400 என்றும், உருமாறிய லிம்போசைட்டுகள் (வெள்ளை அணுக்களில் ஒரு வகை) தென்படுகின்றன என்றும் எழுதியிருந்தார்கள். டெங்கு வைரஸ் எலும்பு மஜ்ஜையின் உற்பத்தியை மட்டுப்படுத்துவதால் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் தட்டணுக்களுக்கு (பிளேட்லெட்) முன்பே சரிகின்றன. வைரஸை எதிர்த்துக் கிளம்பிய லிம்போசைட்டுகளே பெருத்து உருமாறித் தெரிகின்றன. ஆனால் அறிக்கையில் சிவப்பு எழுத்தில் இருந்தது 1,12,000 என்ற தட்டணுக் கணக்கு மட்டுமே. வீட்டில் எல்லோரும் அதையே பார்த்துப் பயந்தோம்.

பெருங்குறை வேறு. என்எஸ்1 (டெங்கு வைரஸின் ஒரு புரதம்), ஐஜிஜி (முதல் தொற்றில் தாமதமாகவே தெரியும் எதிர்ப்பான்) இரண்டும் பாசிட்டிவ் என்று அச்சிட்டவர்கள், மூன்றாம் நாளிலேயே ஐஜிஜி தெரிவது இரண்டாம் முறைத் தொற்றாக இருக்கலாம் என்று ஒரு வரி சேர்க்கவில்லை. டெங்குவில் நான்கு வகைகள் உண்டு. முன்பு வந்த வகைக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பான்கள், வேறொரு வகை வரும்போது அதை முழுமையாகச் செயலிழக்கச் செய்யாமல், அதன்மேல் ஒட்டிக்கொண்டு மோனோசைட், மேக்ரோஃபேஜ் போன்ற நோயெதிர்ப்பு அணுக்களுக்குள் அது எளிதாக நுழைய வழிசெய்துவிடக்கூடும். தொற்றுக்குள்ளான அணுக்கள் வெளியிடும் சைட்டோகைன்கள் என்ற சமிக்ஞைப் புரதங்களும், வைரஸின் என்எஸ்1 புரதமும் ரத்தக்குழாய்ச் சுவரைத் தளர்த்த, பெரும்பாலும் காய்ச்சல் விடும் நேரத்தையொட்டி பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) கசியத் தொடங்குகிறது. மருத்துவர் இதை விளக்கிய பிறகே, காய்ச்சல் விடும் நாளில் கூடுதல் கவனம் தேவை என்பது எங்களுக்குப் புரிந்தது.

ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காய்ச்சல் விட்டது. ஏழு மணிக்கு எடுத்த ரத்தத்தின் அறிக்கை பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் வந்தது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதத்தைச் சொல்லும் ஹீமட்டோக்ரிட் 36-இலிருந்து 42 ஆக ஏறியிருந்தது; பிளாஸ்மா கசிவதன் அறிகுறி அது. உடனே மருத்துவமனையில் சேர்த்து நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினார்கள். அந்த ஏழு மணி நேரத் தாமதத்தை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நுண்ணோக்கிப் பார்வைக்காக இனியும் இங்கேதான் செல்வேன். ஞாயிற்றுக்கிழமை என்றால், அறிக்கை எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்ட பிறகே ரத்தம் கொடுப்பேன்.