பழைய கார் வயரிங் பாக்க இந்த சாதா மல்டிமீட்டர் போதுமா?
போதும்னுதான் சொல்வேன், விலை கம்மியான மீட்டர்தான் ஆனா பழைய கார்ல வர்ற பாதி தலைவலிய இதுவே காட்டிக் குடுத்துடும். ஹெட்லைட் மங்கலா எரியுதுன்னு பல்ப மாத்திட்டே இருக்காம, லைட்ட ஆன் பண்ணிட்டு ஒரு ப்ரோப பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொன்ன பல்போட எர்த் வயர்லயும் வச்சு பாருங்க, 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டுச்சுன்னா எர்த் லைன்ல எங்கயோ துருவோ லூஸோ இருக்கு. எனக்கு 1.4 காட்டுச்சு, கழட்டிப் பாத்தா போல்ட்டுக்கு அடியில லக் (வயர் முனையில இருக்குற உலோக வளையம்) முழுக்க பச்சை பூத்துப் போயிருந்துச்சு, சுரண்டி டைட் பண்ணதும் லைட் பளிச்சுனு வந்துருச்சு.

கண்டின்யூட்டி பீப்ப (வயர் அறுந்து போகலன்னா மீட்டர் போடுற சத்தம்) மட்டும் நம்பாதீங்க, வயருக்குள்ள ஒரே ஒரு இழை ஒட்டிட்டிருந்தாலும் அது கத்தும், லோடு குடுத்தா படுத்துடும். அதுக்கு பல்ப் வச்ச டெஸ்ட் லேம்ப்தான் பெஸ்ட் (ஏர்பேக் வயர் பக்கம் மட்டும் அத கொண்டு போகவே கூடாது). ராத்திரில பேட்டரி இறங்குதுன்னா சிவப்பு ப்ரோப மீட்டரோட 10 ஆம்ப் சாக்கெட்ல மாத்தி, பேட்டரி நெகட்டிவ் வயர கழட்டி நடுவுல மீட்டர சீரிஸ்ல போட்டு பாக்கலாம், எல்லாம் ஆஃப் ஆகி கொஞ்ச நேரம் கழிச்சு 50 மில்லிஆம்புக்கு கீழ இருந்தா ஓகே, அப்போ ஸ்டார்ட் மட்டும் பண்ணிடாதீங்க, மீட்டர் ப்யூஸோ மீட்டரோ போயிடும்.

கூட வர்ற ப்ரோப் வயர்தான் குப்பை, தனியா நல்லதா வாங்கிக்கோங்க.