கல்லீரலுக்கு எந்த நம்பர்: எஃப்எம்ஏவா யூபரானா?

சுங்கை சிப்புட்ல ஒட்டுக்கடைல தே தாரிக் குடிச்சிக்கிட்டு இருந்தப்போ சித்தி மகன் லேப்டாப்ப தொறந்து காட்டினான், யூனி புராஜெக்ட்டாம், எலி செல் டேட்டாவும் மனுஷ செல் டேட்டாவும் ஒண்ணா சேக்கணும், மூணு கூட்டாளிங்க ஆளுக்கொரு மாதிரி எழுதி வச்சிருக்கானுங்க, ஒரு எடத்துல லிவர், ஒரு எடத்துல மலாய்ல ஹாத்தி, இன்னொரு எடத்துல ஹெபாட்டிக் டிஷ்யூ. கம்ப்யூட்டருக்கு மூணும் வேற வேற உறுப்பு லா.

தாத்தா காலத்து தோட்டத்துல காலைல ஆள் கணக்கெடுக்கற பெரட்டுல முனியாண்டின்னு கூப்பிட்டா மூணு பேரு கைய தூக்குவாங்களாம், அதான் கிராணி செக்ரோல் நம்பர வச்சே ஆள புடிப்பாரு. இங்கயும் அதே கதைதான், பேர விட்டுட்டு உறுப்புக்கு ஒரு நம்பர் போடணும். அந்த மாதிரி உறுப்பு நம்பர் பட்டியல்தான் எஃப்எம்ஏவும் யூபரானும்.

எஃப்எம்ஏ, அதாவது ஃபவுண்டேஷனல் மாடல் ஆஃப் அனாட்டமி, சியாட்டில்ல வாஷிங்டன் யூனிவர்சிட்டில செஞ்சது. மனுஷ உடம்பு மட்டும், ஆனா சும்மா சொல்லக்கூடாது, சுமார் 75,000 வகை இருக்கு, 20 லட்சத்துக்கு மேல தொடர்பு இருக்கு, வலது கிட்னி இடது கிட்னிக்கு கூட தனித்தனி நம்பர். அனாட்டமி சாஃப்ட்வேர் செய்றவங்க இத விட மாட்டாங்க. எலி டேட்டா வந்துச்சுன்னா மட்டும் இதுல எடமே இல்ல.

யூபரான் அப்படி இல்ல, பல மிருகத்துக்கும் பொது. எலி கல்லீரலா மனுஷ கல்லீரலா, ரெண்டும் 0002107 தான், நெறைய உறுப்புக்கு எஃப்எம்ஏ நம்பரையும் பக்கத்துலயே குறிச்சிருப்பாங்க. இதுல உறுப்பு, செல் வகைக்கு செல் ஆன்டாலஜின்னு தனிப் பட்டியல், ஹெபட்டோசைட்னு சொல்ற கல்லீரல் செல் அங்க 0000182, அதுலேருந்து புடிச்சி மேல போனா கல்லீரல்ல வந்து நிப்போம். செல்பைஜீன் மாதிரி பெரிய செல் டேட்டா தளமும் இந்த ரெண்டு நம்பரத்தான் கேக்குது, அதனால என் ஓட்டு இதுக்குத்தான்.

ஹியூமன் ரெஃபரன்ஸ் அட்லஸும் இருக்கேண்ணேன்னான். அது 3டி உறுப்புல செல் எங்க இருக்குன்னு பாக்கறதுக்கு, அதுவும் உள்ளுக்குள்ள இதே நம்பருங்கள வச்சித்தான் ஓடுது, போட்டியே இல்ல.

உக்காந்து மாத்த ஆரம்பிச்சோம், தேடறதுக்கு ஓஎல்எஸ்னு ஒரு தளம் இருக்கு, காசு கெடையாது. ஹாத்தி எல்லாம் சட்டுனு முடிஞ்சிருச்சி. அப்புறம் ஒரு வரில வெறும் பெருட்னு இருந்துச்சி. இரைப்பைன்னா 0000945, அடிவயிறு மொத்தமும்னா 0000916, மலாய்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தை, நம்ம வயிறு மாதிரியே. எழுதின கூட்டாளிக்கு போன் அடிச்சான், அவன் எடுக்கல, தூங்குறானாம்.