ஆரியங்காவு தாண்டி ஒரு குடிமீட்பு மையம்: குடிக்கு நல்ல வைத்தியம், ஆளுக்கு அவசர முத்திரை

மையத்தின் பெயரைப் போடப் போவதில்லை. செங்கோட்டையிலிருந்து மலை தாண்டி இறங்கினால் கேரளப் பக்கம் இருக்கும் தனியார் மையங்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அத்தானை, அதாவது அக்கா வீட்டுக்காரரை, அங்கேதான் சேர்த்தோம். பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கொல்லத்துக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறவர். உள்ளூரில் சேர்த்தால் நாலு பேர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்துவிட்டுத் தெருவில் கதை கட்டுவார்கள், அதனால்தான் மலை தாண்டினோம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். குடியை நிறுத்த வைக்கும் முதல் வாரத்தை இவர்கள் பார்த்துக்கொண்ட விதத்துக்கு முழு மார்க் கொடுக்கலாம். வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதைத் தாண்டினாலும் இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் இல்லாத பூச்சி கண்ணுக்குத் தெரிந்து, ஆள் அடையாளம் தெரியாமல் உளறி, உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். இது தெரியாமல் அறையில் போட்டுப் பூட்டி வைத்து 'வைத்தியம்' பார்க்கிற இடங்கள் உண்டு. இங்கே ஈரல் பரிசோதனை செய்து, அதற்குத் தக்கபடி நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் லோராசிபாம் மருந்தைக் கொடுத்து நாளுக்கு நாள் குறைத்தார்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னாலேயே வைட்டமின் பி1 ஊசி போட்டார்கள், குடிகாரர்களுக்கு அந்த வரிசை மாறினால் மூளைக்குக் கேடு வரலாம். குழம்பில் கலந்து கொடுக்க டைசல்ஃபிராம் மாத்திரை (இதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் உடம்பு படாத பாடு படும்) தாருங்கள் என்று யாரோ ஒரு அம்மா கேட்டதற்கு, டாக்டர் பாதி மலையாளத்திலும் பாதி தமிழிலும் கொடுத்த டோஸ் வராண்டா வரைக்கும் கேட்டது. குடிக்கிறவருக்குத் தெரியாமல் கொடுத்து, அதற்கு மேல் அவர் குடித்தால் ஆளே போய்விடுவார் என்றார். ரொம்பச் சரி.

குடிநோயின் அளவைப் பார்த்ததும் முறைப்படிதான். மனநோய்களை அடையாளம் காண டாக்டர்கள் பயன்படுத்தும், 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்கப் புத்தகம் பழைய 'தவறான பயன்பாடு', 'அடிமைநிலை' என்ற இரண்டு பெட்டிகளையும் ஒன்றாக்கி 11 அறிகுறிகள் வைத்திருக்கிறது. ஒரு வருஷத்துக்குள் 2 அல்லது 3 இருந்தால் லேசானது, 4 அல்லது 5 என்றால் நடுத்தரம், 6 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையானது. அத்தானிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள், 6ஐ அவர் சுலபமாகத் தாண்டிவிட்டார்.

சிக்கல் அதற்குப் பிறகு. சேர்ந்த அந்த வாரமே, கை நடுக்கம்கூட நிற்காத நிலையில், ஒரு கவுன்சிலர் அரை மணி நேரம் பேசிவிட்டு ஃபைலில் 'ஆன்டிசோஷியல் ஆளுமைக் கோளாறு', அதாவது அடுத்தவர் உரிமையையும் சட்டத்தையும் மதிக்காத குணம், என்று எழுதிவிட்டார். பொய் சொல்கிறார், அக்கா சங்கிலியை அடகு வைத்தார், லோடு ஏற்றும் இடத்தில் கைகலப்பு, இவைதான் காரணமாம். சரி, இதெல்லாம் நடந்ததுதான். ஆனால் எதற்காக நடந்தது? ஆளுமைக் கோளாறு என்றால் இளம் வயதிலேயே ஆரம்பித்து, வீடு, வேலை, உறவு என்று எல்லா இடத்திலும் நீண்ட காலம் மாறாமல் இருக்கும் போக்கு. போதையாலோ அதை நிறுத்தியதாலோ வருகிற நடத்தையை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதிலும் இந்த வகைக்கு 15 வயசுக்கு முன்பே நடத்தைக் கோளாறு இருந்ததற்குச் சான்று வேண்டும். அதை யாரிடம் கேட்டார்கள்? அவருடைய அம்மா வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு திருநெல்வேலியில் வேறொரு மனநல மருத்துவரிடம் காட்டினோம். அத்தான் குடிக்காமல் சில மாதம் கழியட்டும் என்று காத்திருந்து, அத்தையிடம், அதாவது அத்தானின் அம்மாவிடம்தான் அதிக நேரம் பேசினார். பள்ளிக்கூடத்தில் எப்படி, திருடுவானா, ஆடு மாட்டை அடிப்பானா, வீட்டை விட்டு ஓடினானா? "எங்க டாக்டர், கோழி அறுத்தாலே அழுவான்" என்றார் அத்தை. ஆளுமைக் கோளாறு என்ற வரியை அந்த டாக்டர் அடித்துவிட்டார். நாங்கள் நிம்மதியாக இருந்தாலும் மையத்தின் டிஸ்சார்ஜ் சம்மரியில் அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது, திருத்தித் தர மாட்டோம் என்கிறார்கள். மூன்றாவது டாக்டர் யாராவது அதைப் பார்த்தால் முதல் வரியிலேயே இவரைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்.

இதனால் குடிநோயும் ஆளுமைக் கோளாறும் சேர்ந்து வராது என்று நினைக்க வேண்டாம், அடிக்கடி சேர்ந்தே வருகின்றன. அதே வார்டில் ஒரு இளைஞர் இருந்தார். பார்டர்லைன் என்ற ஆளுமைக் கோளாறு இருப்பதாக முன்பே இன்னொரு மருத்துவமனையில் உறுதி செய்திருந்தார்களாம். அந்த வகைக்கு மார்ஷா லினஹன் உருவாக்கிய டிபிடி என்ற பேச்சுச் சிகிச்சை இருக்கிறது, பொங்கி வரும் உணர்ச்சியைத் தன்னையே காயப்படுத்தாமல் கடக்கப் படிப்படியாகப் பழக்குவது. அதைத் தர இங்கே ஆள் இல்லை. அவருக்கும் அத்தானுக்கும் ஒரே டைம்டேபிள்: காலை யோகா, மதியம் மலையாளத்தில் குழுப் பேச்சு, சாயங்காலம் கேரம். இல்லாதவருக்கு முத்திரை குத்துகிறார்கள், இருப்பவருக்குச் சிகிச்சை கிடையாது. எனக்கு இதில்தான் கோபம் அதிகம்.

சேர்க்க நினைப்பவர்கள் அட்வான்ஸ் கட்டும் முன் மனநல நிலையமாகப் பதிவு செய்த சான்றிதழைக் கேளுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடி, போதையோடு சேர்ந்து வரும் மனநலப் பாதிப்புகளும் அடங்கும்; சங்கிலியால் கட்டுவதற்குத் தடை, மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெற நோயாளிக்கு உரிமை உண்டு. மனநல மருத்துவர் தினமும் வருகிறாரா, வாரம் ஒருமுறையா என்றும் கேளுங்கள், பிரசுரத்தில் ஒன்று இருக்கும், உள்ளே வேறு. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலிமனாஸ் 14416, தமிழிலேயே பேசலாம், காசில்லை. கேரளத்தில் இருப்பவர்களுக்கு அந்த மாநில அரசின் போதை மீட்புத் திட்டமான விமுக்தி 14405.

சாப்பாடு சுமார், கப்பையும் மீனும் நன்றாக இருக்கும், சாம்பாரை மறந்துவிடுங்கள். குடி நிறுத்தும் வாரத்துக்கு மட்டும் என்றால் ஐந்துக்கு நாலரை, அதற்குப் பிறகு ஆளைப் புரிந்துகொள்ளும் விஷயத்துக்கு ஒன்றரை. அடுத்த முறை தேவைப்பட்டால் முதல் வாரம் அங்கே, மீதி திருநெல்வேலியில் என்று அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.