ஹெட் கேஸ்கெட் ஆன்லைனில் வாங்கி 14,400 ரூபாய் போனது: எச்சரிக்கைப் பதிவு

நேற்று இரவு பத்து மணிக்கு அந்த உதிரிபாகத் தளத்திலிருந்து கடைசி பதில் வந்தது. "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது." அவ்வளவுதான். என் 14,400 ரூபாயும் அதோடு முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். வீட்டு வாசலில் வைத்து என்ஜின் வேலை பார்க்கிறவர்கள் ஒருவராவது தப்பிக்கட்டும். எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

வண்டி 2007 மாருதி 800. அப்பா வாங்கியது, அதனால் விற்க மனசில்லை. ஆயில், பிரேக், வாட்டர் பம்ப் எல்லாம் நானே மாற்றியிருக்கிறேன். போன மாதம் கூலண்ட், அதாவது என்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீர், குறைய ஆரம்பித்தது. கீழே ஒரு சொட்டு ஒழுகவில்லை. காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தேன், குமிழ் குமிழாக வந்தது. சைலன்சரில் வெள்ளைப் புகை. சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் தகடு, அதாவது ஹெட் கேஸ்கெட், போய்விட்டது, சந்தேகமே இல்லை.

டீலரிடம் கேட்டேன். 2014இலேயே உற்பத்தி நின்ற வண்டி, ஃபுல் கேஸ்கெட் கிட் ஸ்டாக் இல்லை, ஆர்டர் போட்டால் பத்து நாள் ஆகும், 3,100 ரூபாய் என்றார்கள். அந்தப் பத்து நாள் நான் பொறுத்திருந்திருக்க வேண்டும்.

உதிரிபாகங்கள் மட்டும் விற்கும் ஒரு ஆன்லைன் தளம். பெயர் வேண்டாம். அதில் ஒரு விற்பனையாளர் அதே கிட்டை 2,350 ரூபாய்க்குப் போட்டிருந்தார். சந்தேகம் கேட்க அங்கே கொடுத்திருந்த எண்ணுக்குப் பேசினேன். நான் ஏமாந்தது அந்த ஒரு போன் காலில்தான்.

"அண்ணே, முதல்ல சேசிஸ் நம்பர் சொல்லுங்க. கார்புரேட்டர் வண்டியா, எம்பிஎஃப்ஐயா? தப்பான கிட்டை அனுப்பிட்டா உங்களுக்கும் அலைச்சல், எனக்கும் அலைச்சல்" என்றார். (எம்பிஎஃப்ஐ என்றால் கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சி அனுப்பும் வகை.) சேசிஸ் நம்பர் கேட்கிற ஆள் ஏமாற்றுவான் என்று யார் நினைப்பார்? ஹெட்டைக் கழற்றியதும் லேத்தில் கொடுத்து ஃபேஸிங் போட்டுவிடுங்கள் (அடிப்பக்கத்தைச் சமமாகச் சீவுவது), போல்ட்டை நடுவிலிருந்து டைட் வையுங்கள் என்று தொழில் தெரிந்தவராகவே பேசினார். எங்கள் ஊர் மெக்கானிக் கூட என்னிடம் அவ்வளவு பொறுமையாகப் பேசியதில்லை. கால் மணி நேரம் பேசியபிறகு சொன்னார்: "தளத்துல போட்டா கமிஷன் போயிடும்ணே. எனக்கு நேரா யுபிஐல அனுப்புங்க, 400 குறைச்சுக்கிறேன். பொருள் ஒரிஜினல், நான் கேரண்டி."

அனுப்பினேன். 1,950 ரூபாய். மூன்றாம் நாள் பெட்டி வந்தது. ஹாலோகிராம் ஸ்டிக்கர், பார்ட் நம்பர் எல்லாம் இருந்தது. உள்ளே பில்லுக்குப் பதில் ஒரு எஸ்டிமேட் சீட்டு. அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேலையை நான் அரைகுறையாகச் செய்யவில்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பின்னால் என் தலையில்தான் பழியைப் போட்டார்கள். அந்த என்ஜினில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூடேறினால் ஹெட்தான் முதலில் வளையும். லேத்தில் ஃபேஸிங் போட்டு, வீட்டுக்கு வந்து ஸ்ட்ரெயிட் எட்ஜ் என்ற நேர்ச்சட்டத்தை வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் பார்த்தேன். 0.05 மில்லிமீட்டர் தகடு எந்த இடத்திலும் நுழையவில்லை. பிளாக்கின் மேல்பக்கத்தைச் சுத்தமாகத் துடைத்தேன். போல்ட் துளைகளுக்குள் எண்ணெயோ தண்ணீரோ தேங்கவிடவில்லை. எவ்வளவு டைட் என்று அளவு காட்டும் டார்க் ரெஞ்ச்சை ஒரு நண்பரிடம் வாங்கி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றாக டைட் வைத்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. வண்டி தையல் மெஷின் மாதிரி ஓடியது.

ஊருக்குள் ஒரு வாரம் ஓட்டினேன், பிரச்சினை இல்லை. அப்புறம் அம்மாவை ஏற்றிக்கொண்டு சேலத்திலிருந்து தர்மபுரிக்குக் கிளம்பினேன். தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் மேலே போனது. உடனே ஓரம் கட்டி நிறுத்தினேன். இரண்டு பக்கமும் லாரிகள் உறுமிக்கொண்டு போகின்றன, அம்மா அந்த வெயிலில் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருக்கிறார். சர்க்கரை நோயாளி. என்ஜின் ஆறியதும் ஆயில் பார்க்கும் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தது. தண்ணீர் ஆயிலில் இறங்கிவிட்டது. வண்டியை ஏற்றிக்கொண்டு வீடு திரும்ப 2,500 ரூபாய்.

மறுநாள் ஹெட்டைத் தூக்கியதும் வயிறு எரிந்தது. இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்கு நடுவே கேஸ்கெட்டின் இரும்பு வளையம் பிரிந்து கிடந்தது. மேல் அடுக்கு நகத்தால் கீறினாலே உரிந்து வந்தது. பழைய கேஸ்கெட்டை மேலே வைத்துப் பார்த்தேன். இரண்டு தண்ணீர் ஓட்டைகள் பாதி மூடியிருந்தன. இதைப் போடுவதற்கு முன்னாலேயே செய்து பார்த்திருக்கலாம். ஸ்டிக்கரைப் பார்த்தேனே தவிர ஓட்டையைப் பார்க்கவில்லை.

கேஸ்கெட் என்றால் ஏதோ அட்டை என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். சிலிண்டரில் வெடிக்கிற நெருப்பு, பக்கத்தில் ஓடுகிற தண்ணீர், மேலே ஏறுகிற ஆயில், மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் பிடித்து நிறுத்துவது அந்த ஒரு தகடுதான். அதில் போலியைச் செய்து விற்கிறவனுக்கு நடுரோட்டில் யார் நிற்பார்கள் என்பது பற்றிக் கவலையே இல்லை.

அப்புறம்தான் அலைக்கழிப்பு ஆரம்பித்தது. முதல் நாள் அந்த விற்பனையாளர் சொன்னது, "அண்ணே, நீங்க டைட் வைச்சது சரியில்ல." போட்டோ அனுப்பினேன். "கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கணும், ஒரு வாரம் ஆகும்." ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டால், "வெளியில இருக்கேன், சாயங்காலம் பேசுறேன்." எந்தச் சாயங்காலம் என்று சொல்லவில்லை. சேசிஸ் நம்பர் கேட்ட அதே வாய், நான்காவது தடவை "நீங்க யாரு?" என்று கேட்டது. அதோடு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

தளத்தின் உதவி எண்ணில் ஒரு பெண் பேசினார். "சார், பொருத்திய பொருளை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்." கேஸ்கெட்டைப் பொருத்தாமல் அது நல்லதா கெட்டதா என்று எப்படியம்மா தெரியும் என்று கேட்டேன். மேலதிகாரி பேசுவார் என்றார். பேசியவர், பணம் தளத்துக்கு வெளியே போனதால் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார். அந்த விற்பனையாளரின் எண்ணை எனக்குக் கொடுத்ததே உங்கள் தளம்தானே? அதற்குப் பதில் இல்லை. அந்த ஆளின் விளம்பரம் இன்று காலை வரை அங்கேயே இருக்கிறது.

கணக்கு இதுதான். போலி கிட் 1,950. முதல் ஃபேஸிங் 1,000. ஆயில், ஃபில்டர், கூலண்ட் 2,200. வண்டி ஏற்றி வந்தது 2,500. மறுபடி ஃபேஸிங் 1,000. டீலரிடம் ஆர்டர் போட்ட கிட் 3,100. ஆயிலை இரண்டு தடவை ஊற்றிக் கழுவியது, புது ஃபில்டர், கூலண்ட் எல்லாம் சேர்த்து 2,650. ஆக மொத்தம் 14,400 ரூபாய். 400 ரூபாய் குறைகிறது என்று நம்பிய இடத்தில் 14,400 ரூபாய். என் மகளின் பள்ளிக்கூட வேன் கட்டணத்துக்கு ஒதுக்கி வைத்திருந்த பணம் இதில் போயிருக்கிறது.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது கை ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். தளத்தில் பார்த்த பொருளுக்கு வெளியே பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் எஸ்டிமேட் சீட்டு வந்தால் பொருளைப் பொருத்தாமல் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். பெட்டியை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். புதிய கேஸ்கெட்டைப் பழையதன் மேலும் பிளாக்கின் மேலும் வைத்து ஒவ்வொரு ஓட்டையாகப் பாருங்கள். ஏமாந்துவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

கெட்டுப்போன கேஸ்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என்னுடையதை ஆயிலோடு அப்படியே செய்தித்தாளில் சுற்றி, அந்த எஸ்டிமேட் சீட்டோடு பீரோவில் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டுதான் ஆணையத்துக்குப் போகிறேன்.