காணாக்கடிக்கு அவிலா, பெக்சோபெனடினா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்வோர், ஆறு வாரங்களைக் கடந்தும் அரிப்புடன் தடித்துத் தடித்து மறையும் காணாக்கடிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்குவது பெரும்பாலும் அவில்தான். அரிப்பை அது அடக்கும். ஆனால் பழைய தலைமுறை மருந்தான அது மூளைக்குள்ளும் புகுந்து தூக்கத்தையும் கவனக்குறைவையும் தருவதால், இரவு ஷிப்டில் கட்டிங் எந்திரத்தின் முன் நிற்பவருக்கு அது ஆபத்து என்றே சொல்வேன். ஒவ்வாமை மருந்துகளில் புதிய தலைமுறையைச் சேர்ந்த பெக்சோபெனடினோ மூளைக்குள் மிகக் குறைவாகவே செல்லும். பெரியவர்களுக்கு நாளுக்கு ஒரு 180 மி.கி. மாத்திரை என்பது வழக்கமான அளவு. பழச்சாறுடன் விழுங்கினால் உடலில் சேரும் மருந்து குறைந்துவிடும் என்பதால் தண்ணீரே உகந்தது. தடிப்பு வந்தபின் தேடாமல் நாள்தோறும் எடுத்தும் அடங்காவிட்டால், தோல் மருத்துவர் அளவை நான்கு மடங்கு வரை உயர்த்தக்கூடும். நாக்கு வீங்கி மூச்சுத் திணறினால் எந்த மாத்திரையையும் நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.