கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா? "போர்டு போயிட்டு" என்று சொல்கிற கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்

நாகர்கோவிலில் கம்ப்யூட்டரை சர்வீசுக்குக் கொடுக்கப் போகிறவர்கள், அதுவும் தானாக அணைந்து திரும்ப ஆன் ஆகிற சிக்கலுக்காகக் கொடுக்கப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். கடைப் பெயரைப் போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

திங்கள்நகர் பக்கம் வீட்டிலிருந்தபடியே கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன், கூடவே கொஞ்சம் வீடியோ எடிட்டிங். போட்டோ வேலை செய்யும்போதெல்லாம் கம்ப்யூட்டர் ஒழுங்காகத்தான் இருக்கும். வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டால், அதாவது எடிட் செய்ததை ஒரே ஃபைலாக எடுக்கப் போனால், பாதியில் பட்டென்று அணைந்து, கம்பெனி லோகோ வந்து, புதிதாக ஆன் ஆகும். விண்டோஸ் கோளாறாகி நிற்கும்போது காட்டுகிற நீலத்திரை வராது, எச்சரிக்கை எதுவும் வராது. வேலை தெரிந்தவனுக்கு இதைச் சொன்னாலே பாதி விடை கிடைத்துவிடும். எக்ஸ்போர்ட் போடும்போதுதான் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் கரண்டை இழுக்கும், அப்போது மட்டும் விழுகிறது என்றால் முதலில் எஸ்எம்பிஎஸ்ஸைத்தான், அதாவது உள்ளே இருக்கிற பாகங்களுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியைத்தான், பார்க்க வேண்டும், அப்புறம் சூடு.

இதையெல்லாம் கடையில் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒயரைச் சொருகி ஆன் செய்தார்கள், விண்டோஸ் வந்தது, சைடு மூடியைக்கூடக் கழற்றவில்லை. "அக்கா, போர்டு போயிட்டு. கடல் காத்துக்கு இப்படித்தான் ஆவும். மாத்தாம ஒண்ணும் செய்ய முடியாது" என்று அடித்துச் சொன்னார் ஓனர். போர்டு என்றால் மதர்போர்டு, எல்லாப் பாகமும் சொருகி நிற்கிற பெரிய பலகை. கடல் காற்றுக் கதை முழுப்பொய் இல்லை, அதுதான் இதில் வில்லங்கம். குளச்சல், முட்டம் பக்கம் கடலை ஒட்டிய வீடுகளில் போர்டில் பச்சை பூக்கும், ரேம் (மெமரி) பலகையின் சொருகுகிற பல் கறுத்துப்போகும், அழிரப்பர் வைத்துத் தேய்த்துச் சொருகினாலே பல மெஷின் சரியாகிவிடும். ஆனால் அதைத் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டும், மூடியின் மேல் கையை வைத்துச் சொல்லக் கூடாது.

திரும்பி வந்த மெஷினுக்குக் கொடுத்த துண்டுச்சீட்டில் போர்டு 5,500, விண்டோஸ் 800, சர்வீஸ் 700, மொத்தம் 7,000 ரூபாய். ஜிஎஸ்டி எண் இல்லை, சீரியல் எண் இல்லை, எந்த கம்பெனி போர்டு என்றுகூட எழுதவில்லை. பழைய போர்டைக் கேட்டதற்கு "அது ஸ்கிராப்புக்குப் போயாச்சு அக்கா" என்றார்கள்.

வீட்டில் வைத்து எக்ஸ்போர்ட் போட்டேன். அதே பாதியில் அதே பட்.

சித்தி மகன் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறான், லீவுக்கு வந்திருந்தபோது உட்கார்ந்து பார்த்தான். முதலில் அவன் கண்ணில் பட்டது கேஸின் பின்பக்கம். யுஎஸ்பி, மானிட்டர் ஒயரெல்லாம் சொருகும் இடத்தில் போர்டுக்கென்று ஒரு தகடு வரும், அது இல்லை. பழைய தகடு இந்தப் போர்டின் துளைகளுக்குப் பொருந்தவில்லை, அதனால் கழற்றி எறிந்துவிட்டார்கள். பல்லி நுழையும் அளவுக்கு ஓட்டை. உள்ளே டார்ச் அடித்தால் ஸ்குரூ துளைகளைச் சுற்றிப் பச்சை. கடல் காற்றில் போர்டு போனதாகச் சொல்லி, எங்கேயோ கடல் காற்றில் கிடந்த பழைய போர்டை எனக்கு மாட்டியிருக்கிறார்கள்!

அடுத்தது ரேம். நான் வாங்கியது 8 ஜிபி இரண்டு. டாஸ்க் மேனேஜரில் மெமரியைத் திறந்தால் மொத்தமே 8, இரண்டு ஸ்லாட்டில் ஒன்றுதான் நிரம்பியிருக்கிறது. விண்டோஸோ மூலையில் "ஆக்டிவேட்" செய்யச் சொல்லி எழுத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரோடு வருகிற விண்டோஸ் லைசென்ஸ் அந்தப் போர்டோடு கட்டப்பட்டது, போர்டை மாற்றினால் போய்விடும். அதைச் சொல்லாமலேயே ஃபார்மட் அடித்து 800 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். என் வேலையெல்லாம் தனி ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததால் தப்பித்தது. ஆனால் ஏன் அணைந்தது என்று பார்ப்பதற்கு இருந்த பழைய லாக் (விண்டோஸ் எழுதி வைக்கும் பதிவு) எல்லாம் அந்த ஃபார்மட்டில் போய்விட்டது.

நல்லவேளை, புதிதாக விழுந்ததும் பதிவாகியிருந்தது. அந்தப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம், அங்கே சிவப்புக் குறியோடு கெர்னல்-பவர் 41. இந்த 41 காரணத்தைச் சொல்லாது, முறையாக ஷட்டவுன் ஆகாமல் விழுந்தது என்று மட்டும் சொல்லும். அதை டீடெயில்ஸில் விரித்தால் பக்செக்கோட் என்று ஒரு வரி வரும். அங்கே 0 தவிர வேறு எண் இருந்தால் நீலத்திரைக் கோளாறு, டிரைவரையோ ரேமையோ தேட வேண்டும். 0 என்றால் நீலத்திரை பதிவாகவில்லை, பெரும்பாலும் கரண்ட் வழியைப் பார்க்க வேண்டிய கேஸ். எனக்கு 0.

நீலத்திரை ஒரு நொடி மின்னி மறைகிறவர்களுக்கு ஒன்று: விண்டோஸ் கீயையும் R-ஐயும் சேர்த்து அழுத்தினால் வரும் ரன்னில் sysdm.cpl என்று அடித்து, அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி போய், ஆட்டோமேட்டிக்காக ரீஸ்டார்ட் ஆகும் டிக்கை எடுத்துவிடுங்கள். திரை அப்படியே நிற்கும், போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் யுபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு நேரே சுவரில் சொருகிப் பார்த்தான். நம் ஊரில் தென்னை ஓலை லைனில் உரசினாலே கரண்ட் ஒரு கண் சிமிட்டும், யுபிஎஸ் பேட்டரி செத்திருந்தால் அந்தச் சிமிட்டலுக்கே கம்ப்யூட்டர் விழும். சுவரில் சொருகியும் விழுந்தது, ஆக கோளாறு யுபிஎஸ்ஸில் இல்லை. எஸ்எம்பிஎஸ் ஃபேன் கம்பி இடுக்கு வழியே டார்ச் அடித்து "அக்கா, இங்க பாரு" என்றான். உருண்டையான கெப்பாசிட்டர் வரிசையில் மற்றதெல்லாம் தட்டையாக இருக்க, ஒன்று மட்டும் தலை உப்பி, உச்சியில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. நீங்கள் டார்ச் அடித்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்க வேண்டாம், ஒயரை உருவிய பிறகும் உள்ளே சார்ஜ் நிற்கும், அடித்தால் ஆளைத் தூக்கும். அவன் வீட்டிலிருந்த எஸ்எம்பிஎஸ்ஸைக் கொண்டுவந்து மாட்டினான். எக்ஸ்போர்ட் கடைசி வரை ஓடியது. புதுசு வாங்க 2,800 ரூபாய் ஆனது. வேறு எஸ்எம்பிஎஸ் ஒன்றை மாட்டிப் பார்ப்பது சர்வீஸ் கடைக்குப் பத்து நிமிஷ வேலை.

கடைக்குப் போனேன். முதலில் "போர்டுக்கு மட்டும்தான் வாரண்டி". அப்புறம் "ஒரு ரேம் கெட்டுப்போயிருந்தது, எடுத்துட்டோம்". கெட்டுப்போன ரேம் எங்கே என்றால் பதில் இல்லை. சீரியல் எண்ணோடு இருந்த பழைய பில்லை மேசையில் வைத்ததும் உள்ளே போய் ஒரு ரேம் எடுத்துவந்து கொடுத்தார், அதுவும் என்னுடையது இல்லை, எண் வேறு. பணம் ஒரு பைசா திரும்பவில்லை.

அங்கிருந்தே 1915-க்குப் போன் செய்தேன், தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழில் பேசலாம். இதில் முடியாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பழைய பில்லும் அந்தத் துண்டுச்சீட்டும் கையில் இருப்பதால்தான் இவ்வளவு பேச முடிகிறது. நீங்கள் கொடுக்குமுன் மூடியைத் திறந்து போர்டு, ரேம், ஹார்ட் டிஸ்க் ஸ்டிக்கர்களைக் கடைக்காரர் கண்முன்னே போட்டோ எடுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

புகார் எண் வந்ததும் கடையிலிருந்து போன். "அக்கா, உங்க பழைய போர்டு இங்கதான் இருக்கு, எப்ப வேணா வந்து எடுத்துக்கிடுங்க" என்றார் ஓனர். ஸ்கிராப்புக்குப் போன அதே போர்டு. சீரியல் எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், பில்லோடு ஒத்துப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். இன்னும் அனுப்பவில்லை.