ஹிட்லர் ஆட்சியைப் பிடித்த வரலாற்றைப் பதின்ம வயதினருக்குச் சொல்லித்தரும் ஓர் இணைய வகுப்பு: ஒரு பெற்றோரின் மதிப்புரை

சர்வாதிகார அரசுகள் எப்படி அதிகாரத்துக்கு வருகின்றன என்பதை 14 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் இணைய வகுப்பு ஒன்றில், பத்தாம் வகுப்பு முடித்த என் மகளை இந்தக் கோடை விடுமுறையில் சேர்த்திருந்தேன். சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் என ஆறு வகுப்புகள். கட்டணம் 2,400 ரூபாய். இத்தாலி, ரஷ்யா என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டாமல், 1919 முதல் 1934 வரையிலான ஜெர்மனியை மட்டும் எடுத்துக்கொண்டு நின்று நிதானமாகப் பார்க்கிறார்கள். அந்த முடிவுக்காகவே முதலில் பாராட்ட வேண்டும்.

பள்ளிப் பாடத்திலும் ஹிட்லர் வருகிறார். ஆனால் அதைப் படித்து முடிக்கும் பிள்ளையின் மனத்தில், கொடியவர் ஒருவர் வந்தார், பேச்சால் மயக்கினார், நாடே அவர் பின்னால் போனது என்ற சித்திரம்தான் தங்குகிறது. இந்த வகுப்பு முதல் நாளே அந்தச் சித்திரத்தைத் தேர்தல் எண்களைக் கொண்டு கலைத்துவிடுகிறது. நாஜிக் கட்சிக்கு 1928-இல் கிடைத்தது 2.6 சதவீத வாக்கும் 12 இடங்களும்தான். 1930-இல் 107 இடங்கள், 1932 ஜூலையில் 230 இடங்கள் என்று ஏறி, அதே ஆண்டு நவம்பரில் 196 இடங்களாக இறங்கியது. அந்த இடத்தில் ஆசிரியை நிறுத்தி, அடுத்து என்ன நடந்திருக்கும் என்று கேட்டார். கட்சி தேய்ந்துபோயிருக்கும் என்றே பெரும்பாலான பிள்ளைகள் எழுதினார்கள். மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 1933 ஜனவரி 30 அன்று, ஹிட்லரைப் பிரதமராக நியமிக்கும் ஆணையில் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் கையெழுத்திட்டார். அமைச்சரவையில் ஹிட்லரைத் தவிர நாஜிகள் இருவர் மட்டுமே என்பதால் அவரைக் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று முன்னாள் பிரதமர் பாப்பனும் அவரைச் சேர்ந்தவர்களும் போட்ட கணக்கு, பிள்ளைகளுக்கு நன்றாகவே விளங்கியது.

மூன்றாம் வகுப்பு, அன்றைய ஜெர்மன் குடியரசின் வைமர் அரசியலமைப்பில், நெருக்கடி நேரத்தில் குடியரசுத் தலைவரே அவசர ஆணை பிறப்பிக்க இடம் தந்த 48-ஆவது பிரிவைப் பற்றியது. 1932-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்கள் 5. குடியரசுத் தலைவர் பிறப்பித்த அவசர ஆணைகள் 66. மக்களாட்சி ஹிட்லர் கையில் சாவதற்கு முன்பே உள்ளுக்குள் மெலிந்துபோயிருந்தது என்பதை இந்த இரண்டு எண்களைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நான்காம் வகுப்புக்காக மட்டுமே முழுக் கட்டணத்தையும் கொடுக்கலாம். 1933 மார்ச் 23 அன்று கத்தோலிக்கர்களின் சென்ட்ரம் கட்சி உறுப்பினராகத் தன்னை நினைத்துக்கொள்ளும்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாளை அனுப்பினார்கள். அன்றைக்கு அந்த உறுப்பினருக்குத் தெரிந்தவை மட்டுமே அதில் இருந்தன: நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடித்ததால் கூட்டம் க்ரோல் ஓபரா அரங்கில் நடக்கிறது, உள்ளே நாஜிகளின் பழுப்புச் சட்டைப் படையினர் நிற்கிறார்கள், கம்யூனிஸ்ட் உறுப்பினர் 81 பேரில் ஒருவர்கூட அவையில் இல்லை, நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமலேயே சட்டம் இயற்றும் அதிகாரத்தை நான்கு ஆண்டுகளுக்கு அரசு கேட்கிறது, ஹிட்லர் வாய்மொழியாகத் தந்த உறுதிகள் கடிதமாக வந்துவிடும் என்று கட்சித் தலைவர் காஸ் நம்புகிறார். ஆம் அல்லது இல்லை என்று எழுதிய பிறகுதான் அடுத்த தாள் வரும்.

வகுப்பில் இருந்த 18 பேரில் 13 பேர் ஆம் என்று எழுதினார்கள். அடுத்த தாளில், அந்தக் கடிதம் வரவே இல்லை என்றும், மசோதா 444-க்கு 94 என்ற கணக்கில் நிறைவேறியது என்றும், ஜூலை 5 அன்று சென்ட்ரம் கட்சியே தன்னைக் கலைத்துக்கொண்டது என்றும் இருந்தது. "அப்பா, நானும் ஆம்னுதான் போட்டேன்" என்று சொல்லிவிட்டு என் மகள் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்த்து வாக்களித்த 94 பேரும் மிதவாத இடதுசாரிகளான சோஷல் டெமாக்ரட்டுகள். "எங்கள் சுதந்திரத்தையும் உயிரையும் பறிக்கலாம், மானத்தைப் பறிக்க முடியாது" என்று அவர்கள் தலைவர் ஓட்டோ வெல்ஸ் அன்று பேசியதை ஆசிரியை வாசித்தபோது, நானும் அருகில் நின்று கேட்டேன்.

இரண்டாம் வகுப்பை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 1967-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஒரு பள்ளி ஆசிரியர் வகுப்பறைக்குள்ளேயே ஓர் 'இயக்கத்தை' உருவாக்கிக் காட்ட, மாணவர்கள் அதை மெய்யாகவே எடுத்துக்கொண்டதால் சில நாட்களில் நிறுத்த வேண்டியதாயிற்று. அதைப் பின்பற்றி இங்கும் பிள்ளைகளை முழக்கமிடச் சொன்னார்கள். முழக்கமிடாதவர்களைக் காட்டிக்கொடுக்கவும் சொன்னார்கள். பெயர் சொல்லப்பட்ட ஒரு பையன் கேமராவை அணைத்துவிட்டான். அடுத்த வாரம் வரவில்லை. முடிவெடுக்கும் நெருக்கடியைப் பிள்ளைக்கு உணர்த்துவது வேறு, சக மாணவனை அவமானப்படுத்தப் பழக்குவது வேறு. நான் எழுதிக் கேட்டதற்கு, அடுத்த அணிக்கு அந்தப் பயிற்சி இருக்காது என்று பதில் வந்தது.

இன்னொரு குறை, இடதுசாரிகளின் பிளவைத் தொடாமலே விட்டது. 1932 நவம்பரில் சோஷல் டெமாக்ரட்டுகளுக்கு 121 இடங்களும் கம்யூனிஸ்டுகளுக்கு 100 இடங்களும் இருந்தன. சேர்ந்தால் நாஜிகளைவிட அதிகம். ஆனால் கம்யூனிஸ்டுகள் சோஷல் டெமாக்ரட்டுகளையே 'சமூக பாசிஸ்டுகள்' என்று தூற்றிக்கொண்டிருந்தார்கள். இதை நான்தான் மகளுக்கு வீட்டில் சொல்ல வேண்டியிருந்தது. அறுபது லட்சம் பேர் வேலையின்றி இருந்த நிலைமையும் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

ஐந்தாம், ஆறாம் வகுப்புகள் தொழிற்சங்கங்கள் கலைக்கப்பட்ட 1933 மே 2 முதல் ஹிண்டன்பர்க் மறைந்த 1934 ஆகஸ்ட் 2 வரை ஓட்டமாக ஓடுகின்றன. நாஜிகளின் டாக்கவ் வதைமுகாமின் படங்கள் ஆறாம் வகுப்பில் வருவதால், அன்று மட்டுமாவது பெற்றோர் ஒருவர் கூட உட்கார்ந்திருப்பது நல்லது. ஒலிப்பதிவு தருவதில்லை, தாள்களை மட்டும் அனுப்புகிறார்கள், அவற்றை அச்செடுத்துக் கையில் கொடுங்கள்.